ராத்திரிச் சோற்றுக்கு முந்தின அரை மணி நேரம்

கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வீடு. மணி ஏழு ஆகப்போகிறது. வாசற்படியில் சேறு காயாத ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி. குக்கர் இன்னும் விசில் விடவில்லை. கோபிஸ் கட்டும் கொட்டகையிலிருந்து அம்மா வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். நாளைக்கு லோரி வராது என்று முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். லோரி வராவிட்டால் வேலை இல்லை, கூலியும் இல்லை. ஒருவழியாகச் சோறு வெந்து, பருப்பு ஊற்றிப் பிசைந்து, ஐந்து வயதுப் பையன் முன்னால் தட்டு வந்தது. அவன் சோற்றை விரலால் ஓரம் ஓரமாக ஒதுக்கினான். "சாப்பிடு." ஒதுக்கினான். "சாப்பிடுறியா இல்லையா லா?" கை நின்றது. மூன்றாம் தடவை குரல் ஏறியதும் வாயை இறுக்க மூடிக்கொண்டான். எட்டரைக்கு மேகி மீ பாக்கெட் பிரிந்தது. அதை ஒரு இழை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அவள் சட்டி கழுவுகிற சாக்கில் அழுதாள்.

"இவனுக்கு என்ன செஞ்சு குடுத்தா சாப்பிடுவான், சொல்லுங்க" என்று அவள் என்னைக் கேட்டாள். நான் பதிலுக்கு, இன்றைக்குக் கொட்டகையில் என்ன நடந்தது என்று கேட்டேன். பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டாள். ஆனால் விஷயமே அங்கேதான் இருந்தது. முந்தின மூன்று அத்தியாயங்களில் என்ன சமைப்பது, எவ்வளவு வைப்பது என்று பார்த்தோம். இந்த அத்தியாயம் சமைத்து வைக்கிறவரைப் பற்றியது.

வேலையிடம் வீட்டுக்கு வரும் வழி

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜெரிக்கா பெர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 150 குடும்பங்களைப் பின்தொடர்ந்தார்கள். எல்லா வீட்டிலும் 5 முதல் 7 வயதுக்குள் ஒரு குழந்தை. பல இனத்துக் குடும்பங்கள், பெரும்பாலும் வருமானம் குறைந்தவை. ஒரு நாளில் பல தடவை பெற்றோரிடம், இப்போது மனம் எப்படி இருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். 2017இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. பகலில் பெற்றோர் நெருக்கடியில் இருந்த நாளில், ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. வீட்டில் சமைத்த பண்டம் குறைந்தது. "சாப்பிடு, சாப்பிடு" என்ற வற்புறுத்தல் கூடியது.

ரிங்லெட் வீட்டில் நான் பார்த்த இரண்டும் இவைதான். முதலில் வற்புறுத்தல், அது தோற்றதும் பாக்கெட். நாம் இவற்றைத் தனித்தனிக் குறைகளாகப் பார்க்கிறோம். ஒன்றுக்கு "பிடிவாதக்காரப் பிள்ளை" என்று பெயர் வைக்கிறோம், மற்றதற்கு "சோம்பேறி அம்மா" என்று. மாமியார்கள் இந்த இரண்டாவது பெயரைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று. காலையிலிருந்து ஓடிக் களைத்த மனத்துக்கு ராத்திரியில் பொறுமை என்று எதுவும் மிச்சமிருப்பதில்லை.

பிலடெல்பியா வட்டாரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரைக் கேட்டு நடத்தி 2012இல் வெளிவந்த ஆய்விலும் இதே வாடை அடித்தது. பெற்றோர் தங்களுக்கு நெருக்கடி அதிகம் என்று உணர்ந்த வீடுகளில் பிள்ளைகள் துரித உணவு சாப்பிடுவதும் அதிகமாக இருந்தது. அங்கே பர்கர், இங்கே மேகியும் கெரோப்போக்கும்.

குழந்தையின் பக்கமும் ஒன்று நடக்கிறது. பயந்தாலோ பதறினாலோ உடம்பு செரிமான வேலையைத் தள்ளி வைக்கும். தொண்டை இறுகும், வாய் உலரும். வேலை நேர்காணலுக்குப் போன அன்று காலை உங்களுக்கு இட்லி இறங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். பையன் வாயை மூடியது அடமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை; அந்த நிமிடம் அவனுக்குப் பசியே போயிருக்கலாம். நெருக்கடி ஒரு நாளோடு போகாமல் மாதக்கணக்கில் நீடித்தால் பலருக்கு இது தலைகீழாக மாறும். கார்டிசோல் என்ற ஹார்மோன் உடம்பில் தொடர்ந்து மிகுந்து, இனிப்பும் கொழுப்பும் தேடச் சொல்லும். ஒரே வீட்டில் அண்ணன் ஒட்டிப்போயும் தங்கை ஊதிப்போயும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் வளர்ந்தது ஒரே சண்டைக்கு நடுவில்.

மலையில் நெருக்கடி எந்த நாளில் வரும்

இந்த மலையில் தேயிலை வணிகமாக வேர்பிடித்தது 1929இல், ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது. அதை உருவாக்கிய கைகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுடையவை. இன்றைக்குக் கொழுந்து எடுக்கிறவர்களில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். நம் குடும்பங்களில் சிலர் தோட்டத்திலேயே மேற்பார்வை, ஆலை வேலை என்று இருக்கிறார்கள். மற்றவர்கள் காய்கறித் தோட்டம், ஸ்ட்ராபெரித் தோட்டம், ஹோட்டல், லோரி, டாக்சி என்று பிரிந்துவிட்டார்கள். ஆகவே "தோட்டத்து வாழ்க்கை" என்று ஒரே கால அட்டவணை இப்போது கிடையாது. அப்பா ராத்திரி லோரியில் கோலாலம்பூருக்குக் காய்கறி ஏற்றிப் போய் விடியக்காலையில் திரும்புவார். அம்மா காலை ஏழு மணிக்குக் கொட்டகையில் இருப்பாள். பிள்ளை ஒன்றரைக்குப் பள்ளிவிட்டு வந்து, கதவைத் திறந்து, பிஸ்கட் டின்னைத் திறக்கும்.

கோலாலம்பூரில் எழுதப்படும் வழிகாட்டிகள் "வார இறுதியில் குடும்பத்தோடு நிதானமாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லும். எழுதியவர் சனிக்கிழமை மத்தியானம் பிரிஞ்சாங்கில் நின்று பார்த்ததில்லை. மலைக்குக் கூட்டம் ஏறுவது அப்போதுதான். கியா பார்ம் சந்தையிலிருந்து கீழே வரை கார் அசையாது. நம் வீடுகளில் பாதிப் பேருக்குச் சனியும் ஞாயிறும் பள்ளி விடுமுறையும்தான் இரட்டை வேலை. பிள்ளைகள் முழு நாளும் வீட்டில், பெரியவர்கள் முழு நாளும் வெளியில். இங்கே வாரத்தின் மோசமான சாப்பாட்டு நாள் பெரும்பாலும் சனிக்கிழமை. திட்டம் போடுகிறவர்கள் அங்கேயிருந்து தொடங்க வேண்டும்.

மழைநாள் இன்னொன்று. நிறுவைக் கூலிக்கும் நாள் கூலிக்கும் போகிற வீட்டில் மழை பெய்தால் பணம் கரைகிறது. மண் சரிந்து சாலை அடைத்தால் லோரி நிற்கும். 2013 அக்டோபரில் பெர்தாம் வேலியில் சேற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோன பிறகு, ஆற்றோரத்து வீடுகளில் பலத்த மழைச் சத்தம் கேட்டாலே பேச்சு நின்றுவிடுகிறது. அன்று தட்டில் என்ன இருந்தாலும் பிள்ளை பெரியவர்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

பணக் கவலையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வீட்டில் நான்கு பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்வீர்கள். தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு: வேலை இருக்கும்வரைதான் வீடு. ஐம்பத்தைந்தைத் தாண்டிய அப்பா ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது மட்டும் இதைப் பேசுவார். மற்ற நேரத்தில் குடும்பம் ஒன்றாக இருப்பதே இல்லையே! அவருடைய பேத்தி சாப்பாட்டு மேசைக்கு வர மறுத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். டிவி பைத்தியம் என்று வீட்டில் சொன்னார்கள்.

ஏழு நாள் தாள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். நாளுக்கு ஒரு வரி போதும். வேலை முடிந்து வாசற்படி ஏறும்போது உங்கள் மனம் எப்படி இருந்தது என்று 1 முதல் 5 வரை ஒரு எண். பிறகு பிள்ளை ராத்திரி சாப்பிட்டது என்ன. பிறகு, "சாப்பிடு" என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள். இதை உத்தேசமாகப் போட்டால் போதும். கலோரி கணக்கு வேண்டாம், கிராம் கணக்கு வேண்டாம்.

ரிங்லெட் அம்மா எழுதிய தாள் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. செவ்வாய்: 2, சோறு, முட்டை, கீரைக்கூட்டு, ஒரு தடவை. வெள்ளி: 5, மேகி, "கணக்கு வைக்கல". சனி: 5, அம்மம்மா வீட்டில் பிஸ்கட், மைலோ. ஞாயிறு: 4, பாசார் மாலாமில் வாங்கிய வறுத்த கோழி. திங்கள்: 2, ரசம் சோறு, அப்பளம், சொல்லவே இல்லை. வாரம் முழுவதும் பையன் சாப்பிடுவதில்லை என்றுதான் அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். தாளைப் பார்த்ததும், "வெள்ளிக்கிழமைதான் இவன் சாப்பிடறதில்ல" என்றாள். சிறிது நேரம் கழித்து, "வெள்ளிக்கிழமைதான் எங்களுக்குக் கணக்கு முடிக்கிறது" என்றாள்.

வாசற்படியிலிருந்து அடுப்பு வரை

வேலையிடத்தில் நடப்பதை இந்தப் புத்தகம் மாற்றாது. வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து தட்டு வைக்கும்வரை உள்ள அரை மணி நேரத்தை மாற்றலாம். நான் பார்த்த வீடுகளில் அதிகப் பலன் தந்தது இந்த மாற்றம்தான்; சமையல் குறிப்புகள் அதற்குப் பின்னால்தான்.

வந்ததும் அடுப்புக்குப் போகாதீர்கள். பூட்ஸைக் கழற்றி, முகம் கை கால் கழுவி, உடை மாற்றி, சூடாக ஏதாவது ஒரு வாய் குடித்து, பத்து நிமிடம். இது சொகுசு என்று தோன்றும். மாலை ஆறு மணிக்கு மேல் இங்கே குளிர் எலும்புக்குள் இறங்கும். நனைந்த சட்டையோடு நிற்கிற உடம்பிலிருந்து அன்பான குரல் வராது. வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் இந்தப் பத்து நிமிடத்துக்கு அவரைக் காவல் வையுங்கள். பில், கடன், பள்ளிக் கடிதம், பக்கத்து வீட்டுச் செய்தி எதுவும் அதற்குள் வரக்கூடாது.

அந்தப் பத்து நிமிடம் பிள்ளை பசியோடு காத்திருக்க முடியாதுதான். அதற்காகக் கைக்கெட்டும் இடத்தில் ஒன்று தயாராக இருக்கட்டும்: அவித்த சோளம், வாழைப்பழம், அவித்த கடலை, காலையில் வேகவைத்த முட்டை. கொஞ்சமாக. பசி தாங்காமல் அழுகிற பிள்ளையும் களைத்து வந்த அம்மாவும் ஒரே அடுப்பின் முன்னால் நின்றால் முடிவு தெரிந்ததுதான். நாலு மணிக்கு ஒரு சிற்றுணவு பழக்கமாகிவிட்டால் ராத்திரிச் சண்டையில் பாதி அங்கேயே தீரும். பிள்ளைகள் தனியாக இருக்கும் வீட்டில் காலையில் கிளம்பும்போதே ஒரு மூடி போட்ட டப்பாவில் இதை வைத்துவிட்டு, பிஸ்கட் டின்னைக் கண்ணில் படாத அலமாரித் தட்டுக்கு மாற்றுங்கள்.

பிறகு சாப்பாடு. இங்கே எலன் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒரு வேலைப் பிரிவினை நமக்கு உதவும். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. அதைச் சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிது, நம் வீடுகளில் கடினம், ஏனென்றால் ஊட்டுவதும் கெஞ்சுவதும் நமக்குப் பாசத்தின் மொழி. ஆனால் களைத்த மனிதருக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. சோறு, பருப்பு, கீரை, ஒரு முட்டை வைத்தாகிவிட்டது. உங்கள் வேலை முடிந்தது. பிள்ளை நாலு கவளம் சாப்பிட்டு எழுந்தால் எழட்டும். அடுத்த சாப்பாடு அடுத்த வேளை வரும் என்பது அதற்குத் தெரிந்திருந்தால் போதும். இடையில் மட்டும் பாக்கெட் வரக்கூடாது. வந்தால் இந்த ஏற்பாடு முழுக்கவும் வீண்.

வற்புறுத்தல் பலிக்காது என்பதைப் பென்சில்வேனியாவில் சிறு பிள்ளைகளிடம் சோதித்தே பார்த்தார்கள். பூசணி சூப்பும் சோள சூப்பும். ஒரு சூப்பைக் கொடுக்கும்போது "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள்; மற்றதைச் சும்மா வைத்தார்கள். சொல்லாமல் வைத்ததைப் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். சொல்லிச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக் குறை பேசினார்கள். இந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. இதைச் சொன்னபோது ஒரு பாட்டி, "எங்க காலத்துல ஆய்வு இல்ல, அடிதான் இருந்திச்சி, நாங்க சாப்பிடலையா?" என்றார். சாப்பிட்டார்கள். அவருக்குப் பாகற்காய் இன்றுவரை பிடிக்காது என்பதையும் அவரே சொன்னார்.

பாட்டியின் பக்கம்

பாட்டிகளை எதிர்த்து இந்த அத்தியாயத்தை நடத்த எனக்கு மனமில்லை. "தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது" என்கிற கண்டிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் இறங்கி 1945 வரை இருந்த காலத்தில் அரிசி கண்ணில் படுவது அரிதானது. தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஆண்கள் பலரைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள், ஏராளமானோர் திரும்பவில்லை. அந்தப் பஞ்சத்தில் பிள்ளை வளர்த்தவர்களின் மகள்தான் இன்றைய பாட்டி. சாப்பாடு மிஞ்சினால் அவர் நெஞ்சு பதறுவது அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. அவருடைய மனநெருக்கடியும் பேரனின் தட்டில் வந்து உட்காருகிறது, மூன்று தலைமுறை தாண்டி.

அதனால் பாட்டியிடம் "வற்புறுத்தாதீங்க" என்று சொல்வதைவிட, அவருக்கு வேறு வேலை கொடுப்பது நடைமுறையில் பலிக்கிறது. தட்டில் முதல் பரிமாறலைச் சிறிதாக வைப்பது அவர் பொறுப்பு. ஒரு குழம்புக்கரண்டிச் சோறு, அதற்கேற்ற பருப்பு. மிச்சமே வராத அளவு. பிள்ளை கேட்டால் இரண்டாம் தடவை போடுவார். "இன்னும் வேணும்" என்று பேரன் கேட்பதைக் காட்டிலும் பாட்டிக்கு வேறென்ன வேண்டும்? பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுகிற டாக்டர் ஆகியோரை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரைப் பூச்சாண்டியாக்கினால் பிறகு கிளினிக்கில் நீங்கள்தான் பிள்ளையைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மேகியைப் பற்றி

தடை போடச் சொல்ல மாட்டேன். கண்ணில் காட்டி, கையில் கொடுக்காமல் வைத்திருக்கும் பண்டத்தின் மேல் பிள்ளைக்கு ஆசை கூடும். "கீரை சாப்பிட்டால் சாக்லேட்" என்ற பேரமும் அதே தப்பு: கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளை படித்துக்கொள்ளும். இரண்டையும் லியன் பர்ச் என்ற உளவியலாளர் தம் சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மேகி வரப்போகிறது என்று தாள் சொன்னால், அதை முன்கூட்டியே வெள்ளிக்கிழமைச் சாப்பாடாக அறிவித்துவிடுங்கள். தோல்வியின் முடிவாக எட்டரை மணிக்கு வருகிற மேகிக்கும், ஏழு மணிக்குத் தட்டில் வருகிற மேகிக்கும் பிள்ளையின் மனத்தில் நிறைய வித்தியாசம். முதலாவது, "வாயை மூடிக்கொண்டிருந்தால் கிடைக்கும்" என்று கற்றுக்கொடுக்கிறது.

செய்முறையும் கொஞ்சம் மாறட்டும். மசாலாத்தூள் பொட்டலத்தில் பாதியைத்தான் போடுங்கள். உப்பு பெரும்பாலும் அதில்தான். தண்ணீர் கொதிக்கும்போது ஒரு கைப்பிடி சாவிக் கீரை, கோபிஸின் உள்பக்கத்து இலை, இருந்தால் பீன்ஸ். ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்காமல் ஒரு நிமிடம் விட்டால் வெள்ளை திரண்டு நிற்கும். மீ கடைசியில். நாடு முழுவதற்கும் கோபிஸும் தக்காளியும் சாலாட்டும் ஏற்றி அனுப்புகிற மலை இது. உருவம் சரியில்லை என்று கழிக்கப்படும் காய் கொட்டகையில் குறைந்த விலைக்கு, சில நேரம் சும்மாவே கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வளைந்த கேரட்டும் கேரட்தான்.

புதுக் காயைப் பிள்ளை முதல் தடவை துப்பினால் "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். பத்து, பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகு வாயில் வைக்கிற பிள்ளைகள் உண்டு. நெருக்கடியில் இருக்கிற வீட்டில் இரண்டாம் தடவையே காய் நின்றுவிடுகிறது. வீணாக்கப் பணமில்லை என்பது நியாயமான காரணம். ஆகவே பிள்ளைக்கென்று தனியாகச் சமைக்காமல், பெரியவர்கள் எப்படியும் சாப்பிடுகிற காயில் இரண்டே துண்டு அதன் தட்டில். தொடாவிட்டால் நீங்கள் எடுத்துச் சாப்பிட்டுவிடலாம்.

சனிக்கிழமைக்கு ஒரு பானை

வியாழன் ராத்திரி மாவு ஆட்டுங்கள். கீழே ஈப்போவில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு, ராத்திரி பதினைந்து, பதினாறு பாகைக்கு இறங்குகிற நம் வீட்டில் காலையில் அப்படியே கிடக்கும். சோறு வெந்த குக்கரின் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துப் பழைய கம்பளியால் சுற்றி, வெள்ளிக்கிழமை மாலை வரை விட்டுவிடலாம். சனிக்கிழமை பத்து வயதுப் பிள்ளைகூடப் பாட்டி மேற்பார்வையில் தோசை ஊற்றும். தானே ஊற்றிய தோசையை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கூடவே ஒரு பானைப் பருப்புச் சாம்பார், குளிர்பெட்டியில். அவ்வளவுதான் திட்டம். இதற்குமேல் திட்டம் போட்டால் அதுவே இன்னொரு மன உளைச்சலாகிவிடும்.

தேநீர்

தேயிலைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். பல வீடுகளில் ராத்திரிச் சோறு இறங்காத பிள்ளைக்கு இனிப்புப் பால் டின்னிலிருந்து தாராளமாக ஊற்றிய தேநீரில் ரொட்டி தோய்த்துக் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். அந்த டின்னில் பாதிக்கு நெருக்கமாகச் சர்க்கரை. குழந்தைக்குப் பால் என்று அதை நம்பக்கூடாது. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். இரும்பு குறைந்த பிள்ளைக்குப் பசி மந்தம்; பசி மந்தமான பிள்ளையிடம் நம் எரிச்சல் கூடும். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். பெரியவர்களும் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் நல்லது. பருப்புச் சோற்றில் எலுமிச்சை பிழிவதும், சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யா கொடுப்பதும் இரும்பு சேர உதவும்.

காலையில் குளிரிலும் அவசரத்திலும் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு, தொடக்கப் பள்ளியில் ஆர்.எம்.டி. என்ற கூடுதல் உணவுத் திட்டம் உண்டு. 1979இலிருந்து நடக்கிறது. வருமானம் குறைந்த வீடு என்று விண்ணப்பிக்க வெட்கப்பட்டுச் சிலர் விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காலையில் நீங்கள் சுமக்கும் ஒரு கவலையை அது இறக்கி வைக்கும்.

குடிக்கிற வீட்டில்

இதை எழுதாமல் விட்டால் பாதி வாசகர்களை ஏமாற்றியதாகும். அப்பா குடித்துவிட்டு வருகிற நாள் எது என்று வீட்டுக்குத் தெரியும். பெரும்பாலும் சம்பள நாளும் அதற்கு அடுத்த இரண்டு நாளும். அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று இந்தப் புத்தகம் வேறு இடத்தில் சொன்னது அன்றைக்குப் பொருந்தாது. சண்டைக்கு நடுவில் பரிமாறிய சோறு வயிற்றில் நிற்காது. கை நீட்டுகிற வீடாக இருந்தால் தாலியான் காசே உதவி இணைப்பு, எண் 15999, எந்த நேரத்திலும் அழைக்கலாம். மனம் தாங்கவில்லை, பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் இணைப்பு, 15555.

கிளினிக்குக்குப் போக வேண்டிய நேரம்

சாப்பாட்டுச் சண்டை பெரும்பாலும் வீட்டிலேயே தீரும். சில அடையாளங்கள் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் எடை இரண்டு மூன்று மாதமாக ஏறவில்லை, அல்லது இறங்குகிறது. உடல்நலப் பதிவுப் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடு தட்டையாகிறது. விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறது, கெட்டியான எதையும் வாயில் வைத்தாலே குமட்டுகிறது. மண், சாக்கட்டி, சுவர்ச் சுண்ணாம்பு தின்கிறது. இது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். நாட்டளவில் 2019 சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள், ஐந்தில் ஒருவருக்கு மேல். "எங்க குடும்பமே குள்ளம்" என்று தள்ளிவிடுவதற்கு முன்னால் அளந்து பார்த்துவிடுவது நல்லது.

பெரியவருக்கும் அடையாளம் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, பிள்ளையைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, அல்லது உங்களுக்கே சாப்பாடு இறங்கவில்லை என்றால், பிள்ளையைக் காட்டப் போகும் அதே நாளில் உங்களையும் காட்டிவிடுங்கள். தாதியிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் பலர் வாய் திறப்பதில்லை. குளிர்பெட்டியில் ஒட்டிய அந்த ஏழு நாள் தாளைக் கையில் கொண்டுபோய் நீட்டினால் போதும். பிள்ளை சாப்பிட்டதும் அதில் இருக்கிறது, உங்கள் எண்ணும் இருக்கிறது.